காகிதத்தில் ஒரு தோழி



இன்று ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள். இது கற்பனை அல்ல. உண்மையாக நடந்தது. அந்தப் பெண்ணுக்கு வயது 13. அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. அந்த நோட்டுதான் அவளுக்குத் தோழி.

நோட்டு எப்படித் தோழி ஆகும்? அதற்குக் காது உண்டா? வாய் உண்டா? இரண்டும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னதை எல்லாம் அது வாங்கிக்கொண்டது. அவள் அழுதபோதும் கூட இருந்தது. கோபப்பட்டபோதும் கூட இருந்தது. ஒரு சொல்லைக்கூட வெளியே விடவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஆன் பிராங்க்.

யார் இந்த ஆன்?

ஆன் பிறந்தது ஜெர்மனி நாட்டில். பிராங்பர்ட் என்ற நகரத்தில் 1929-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் பிறந்தாள். அப்பா பெயர் ஓட்டோ. அம்மா பெயர் எடித். மார்கோட் என்று ஓர் அக்கா. அக்கா மூன்று வயது மூத்தவள்.

அவர்கள் யூதர்கள். யூதர்களுக்கு என்று தனிச் சமயம் உண்டு. உலகின் பல நாடுகளில் அவர்கள் வாழ்கிறார்கள். நம் நாட்டிலும் கொச்சியில், மும்பையில், கொல்கத்தாவில் பல தலைமுறைகளாக யூதர்கள் வாழ்ந்தார்கள்.

1933-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தான். நாட்டில் வேலை இல்லை. விலைவாசி, வறுமை, சண்டை. இத்தனைக்கும் யூதர்களே காரணம் என்று அவன் பொய் சொன்னான். பலர் அந்தப் பொய்யை நம்பினார்கள். யூதர்களின் வேலையைப் பறித்தார்கள். அவர்களின் கடைகளில் வாங்காதே என்றார்கள்.

ஓட்டோ முன்கூட்டியே யோசித்தார். குடும்பத்தோடு பக்கத்து நாடான நெதர்லாந்துக்குப் போனார். அங்கே ஆம்ஸ்டர்டாம் என்று ஒரு பெரிய நகரம். தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடும். அங்கே அவர் ஒரு வியாபாரம் நடத்தினார். பழ ஜாம் கெட்டிப்படுவதற்குச் சேர்க்கும் ஒரு பொருளை விற்றார்.

ஆன் அப்போது சின்னக் குழந்தை. புது ஊர். புது மொழி. அந்த ஊரில் டச்சு மொழி பேசினார்கள். அவள் பள்ளிக்குப் போய் டச்சு மொழியைக் கற்றுக்கொண்டாள். பிறகு தன் நோட்டிலும் அந்த மொழியில்தான் எழுதினாள்.

தடை மேல் தடை

1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1940 மே மாதம் ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. ஐந்தே நாளில் அந்த நாடு வீழ்ந்தது. ஓடி வந்த குடும்பத்தைத் துன்பம் துரத்தி வந்து பிடித்தது.

யூதர்களுக்கு ஒவ்வொன்றாகத் தடை வந்தது. சைக்கிள் வைத்திருக்கக் கூடாது. டிராம் வண்டியில் ஏறக் கூடாது. சினிமாவுக்குப் போகக் கூடாது. பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரைதான் கடையில் பொருள் வாங்கலாம். இரவு 8 மணிக்கு மேல் வெளியே தலை காட்டக் கூடாது. யூதப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம்.

1942-இல் இன்னொரு கட்டளை வந்தது. யூதர்கள் எல்லோரும் சட்டையில் மஞ்சள் நிற நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கும் இது பொருந்தும். தெருவில் போகும்போதே இவர் யூதர் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம்.

பிறந்த நாள் பரிசு

இந்த நேரத்தில்தான் ஆனின் 13-ஆம் பிறந்த நாள் வந்தது. 1942 ஜூன் 12.

அவளுக்குப் பல பரிசுகள் வந்தன. அவற்றில் ஒன்று ஒரு நோட்டு. சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி அட்டை. முன்பக்கம் ஒரு சின்னப் பூட்டு. கடையில் பார்த்து அவளே ஆசைப்பட்ட நோட்டு அது. அன்றே அவள் எழுதத் தொடங்கினாள்.

இப்படி நாள்தோறும் நடப்பதை எழுதி வைப்பதை நாட்குறிப்பு என்பார்கள். டைரி என்றும் சொல்வார்கள்.

அவளுக்கு ஏன் டைரி வேண்டும்? அப்பா உண்டு. அம்மா உண்டு. அக்கா உண்டு. பள்ளியில் சிரித்துப் பேச நிறையப் பிள்ளைகள் உண்டு. ஆனால் மனதைத் திறந்து பேச ஒருவரும் இல்லை. இதை அவளே யோசித்துப் பார்த்து எழுதினாள்.

இது வயதுப் பெண் பலருக்கும் உள்ள குறைதான். வீடு நிறைய ஆள் இருக்கும். மனதில் இருப்பதைச் சொல்ல ஆள் இருக்காது.

அதனால் ஆன் ஒன்று செய்தாள். நோட்டையே தோழி ஆக்கிக்கொண்டாள். அவளுக்குக் கிட்டி என்று ஒரு பெயரும் வைத்தாள். கிட்டிக்குக் கடிதம் எழுதுவதுபோல் எழுதினாள். இன்று என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், மனதில் என்ன தோன்றியது, எல்லாமே கிட்டிக்குத் தெரியும்.

பின்கட்டில் ஒரு வாழ்க்கை

பிறந்த நாள் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 5-ஆம் நாள் ஒரு கடிதம் வந்தது. அக்கா மார்கோட்டை வேலை முகாமுக்கு வரச் சொல்லி ஆணை. அவளுக்கு வயது 16. போனவர்கள் திரும்பி வருவார்களா? யாருக்கும் தெரியாது.

அப்பாவும் அம்மாவும் முன்பே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்பாவின் அலுவலகக் கட்டடத்துக்கு ஒரு பின்கட்டு உண்டு. தெருவில் இருந்து பார்த்தால் தெரியாது. அங்கே ஒளிந்துகொள்வது என்று முடிவு.

உடனே மூட்டை கட்டினார்கள். ஆன் தன் பள்ளிப் பையில் முதலில் எதை வைத்தாள் தெரியுமா? துணி அல்ல. சீப்பு அல்ல. டைரியைத்தான் வைத்தாள்.

மறுநாள் காலை நல்ல மழை. பெட்டி தூக்கிப் போனால் சந்தேகம் வரும். அதனால் உடை மேல் உடையாக உடுத்திக்கொண்டு நடந்தே போனார்கள். அவள் செல்லமாக வளர்த்த பூனையை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

பின்கட்டில் மொத்தம் எட்டுப் பேர். இவர்கள் நால்வர். இன்னொரு குடும்பத்தில் அப்பா, அம்மா, மகன் பீட்டர். பிறகு ஒரு பல் மருத்துவர். வாசலை மறைத்து ஒரு புத்தக அலமாரி வைத்தார்கள். அலமாரியை இழுத்தால் கதவுபோலத் திறக்கும்.

கீழே கிடங்கில் ஆட்கள் வேலை செய்வார்கள். அவர்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரியாது. தெரியவும் கூடாது. சுவருக்கும் காது உண்டு அல்லவா? அதனால் பகலில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. குழாயைத் திறக்கக் கூடாது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஜன்னல் ஓரம் நிற்கக் கூடாது. இருமல் வந்தாலும் அடக்க வேண்டும்.

ஒரு நாள் அல்ல. ஒரு வாரம் அல்ல. இரண்டு ஆண்டுகளும் ஒரு மாதமும் இப்படி இருந்தார்கள். துள்ளி விளையாடும் வயதில் ஒரு பெண் வெளிக் காற்றை அறியாமல் இருந்தாள்.

உதவிய கைகள்

அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்? அலுவலகத்தில் வேலை செய்த சிலர் உயிரைப் பணயம் வைத்து உதவினார்கள். மீப் என்ற பெண், அவர் கணவர் யான், பெப் என்ற இளம் பெண், கிளைமன், குக்ளர் என்ற இருவர். இவர்கள் யூதர்கள் அல்லர். யூதரை ஒளித்து வைத்தது தெரிந்தால் அவர்களுக்கும் தண்டனை உண்டு. தெரிந்தேதான் செய்தார்கள்.

மீப் காய்கறி வாங்கி வருவார். பெப் பால் கொண்டு வருவார். யான் ரேஷன் அட்டைக்கு வழி செய்வார். சனிக்கிழமை வந்தால் நூலகப் புத்தகங்கள் வரும். பின்கட்டில் இருந்தவர்கள் சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். சாப்பாட்டுக்குக் காத்திருப்பதுபோல் புத்தகத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஆன் அங்கேயும் படிப்பை விடவில்லை. சுருக்கெழுத்துக் கற்றாள். வரலாறு படித்தாள். கதைகள் எழுதினாள். கட்டம் போட்ட நோட்டு சில மாதத்தில் தீர்ந்துவிட்டது. உதவியவர்கள் வேறு நோட்டும் காகிதமும் கொடுத்தார்கள். டைரி தொடர்ந்தது.

கிட்டியிடம் என்ன சொன்னாள்?

எல்லாம் சொன்னாள். உருளைக்கிழங்கும் பீன்ஸும் தின்று அலுத்துப்போனதைச் சொன்னாள். பெரியவர்கள் போட்ட சண்டையைச் சொன்னாள். அதைச் சிரிப்பு வரும்படி எழுதினாள். இரவில் விமானம் பறக்கும். பீரங்கி வெடிக்கும். பயந்து அப்பாவின் படுக்கைக்கு ஓடியதை எழுதினாள்.

பருவம் அடைவதைப் பற்றி எழுதினாள். உடம்பில் வரும் மாற்றத்தை எழுதினாள். இதை எல்லாம் வீட்டில் கேட்கக் கூச்சம். கிட்டியிடம் கூச்சம் இல்லை.

பீட்டரோடு ஏற்பட்ட நட்பை எழுதினாள். மேல் மாடத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் வழியே வானம் தெரியும். ஒரு பெரிய மரம் தெரியும். இருவரும் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். அந்த மரம் துளிர்ப்பதும் உதிர்வதும்தான் அவளுக்கு வெளி உலகம்.

அம்மாவைப் பற்றியும் எழுதினாள். அவளுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அம்மா தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று குமுறினாள். மிகக் கடுமையான சொற்களில் எழுதினாள். சின்ன அறை. கோபம் வந்தால் வெளியே போய் நடந்துவிட்டு வர முடியாது. கத்தவும் முடியாது. கத்தினால் எட்டு உயிருக்கும் ஆபத்து. அந்தக் கோபத்தை எல்லாம் காகிதம் தாங்கிக்கொண்டது.

ஓர் ஆண்டு கழிந்தது. 1944 ஜனவரியில் ஒரு நாள் அவள் பழைய பக்கங்களைப் புரட்டினாள். அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்தாள். திடுக்கிட்டுப் போனாள். இவ்வளவு வெறுப்பா எழுதினேன் என்று வெட்கப்பட்டாள். அம்மா பக்கமும் நியாயம் இருந்தது என்று அவளுக்குப் பட்டது. தன் கோபத்தில் அம்மாவின் துன்பத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினாள்.

இதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவளுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. யாரும் கண்டிக்கவில்லை. அவள் எழுத்தே அவளுக்குக் கண்ணாடி ஆயிற்று. வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது அங்கேயே இருக்கும். ஓர் ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தால், நேற்று இருந்த நம்மை இன்று பார்க்கலாம்.

ஒரு மேசைக்காக

ஆனுக்குத் தனி அறை இல்லை. பல் மருத்துவரோடு ஒரே அறையில் இருந்தாள். அவருக்கு வயது 50-க்கு மேல். அந்த அறையில் ஒரே ஒரு சின்ன மேசை. பகலில் பெரும்பாலும் அவரே அதில் உட்கார்ந்திருப்பார்.

வாரத்தில் இரண்டு பிற்பகல் மட்டும் மேசையைத் தனக்குத் தர வேண்டும் என்று ஆன் கேட்டாள். பணிவாகத்தான் கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். சின்னப் பெண்ணுக்கு அப்படி என்ன எழுத்து என்பது அவர் எண்ணம். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை. அப்பாவிடம் சொன்னாள். அப்பா போய்ப் பேசினார். கடைசியில் அந்த இரண்டு பிற்பகல் அவளுக்குக் கிடைத்தது.

வீட்டில் பெண்ணுக்கு எழுத இடம் உண்டா? நேரம் உண்டா? இது ஆனுடைய வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல.

வானொலியில் வந்த செய்தி

இரவில் எல்லோரும் வானொலி கேட்பார்கள். மெதுவாக வைத்துக் கேட்பார்கள். 1944 மார்ச் மாதம் ஒரு நாள் லண்டனில் இருந்து ஒரு செய்தி வந்தது. நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் பேசினார். போர் முடிந்ததும் மக்கள் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் திரட்டுவோம் என்றார். மக்கள் பட்ட பாட்டை அவர்கள் எழுத்திலேயே உலகம் அறிய வேண்டும் என்றார்.

ஆனுக்கு மனம் பொங்கியது. தன் டைரியைப் புத்தகம் ஆக்கலாமே! எழுத்தாளர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. மே மாதம் முதல் பழைய டைரியை எடுத்துத் திருத்தி எழுதத் தொடங்கினாள். ஏறக்குறைய இரண்டரை மாதத்தில் 200 தாளுக்கு மேல் எழுதினாள். மற்றவர்களுக்குப் புனைபெயர் வைத்தாள். புத்தகத்துக்கும் பெயர் வைத்தாள். அந்த டச்சுப் பெயருக்குப் பின்கட்டு என்றுதான் பொருள்.

யாரும் திறக்கவில்லை

இப்போது முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள்.

ஆனின் டைரி எங்கே இருந்தது? அப்பாவின் தோல் பையில் இருந்தது. பை அப்பாவின் படுக்கை அருகில் இருந்தது. கையை நீட்டினால் எடுக்கலாம். ஆனால் அப்பா அதைத் திறக்கவில்லை. படிக்க மாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைக் காத்தார்.

1944 ஏப்ரலில் கட்டடத்தில் திருடர் புகுந்தார்கள். போலீசும் வந்துவிட்டது. எட்டுப் பேரும் இருட்டில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார்கள். டைரி போலீஸ் கையில் சிக்கினால் உதவியவர்களும் மாட்டுவார்கள். எரித்துவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. ஆன் துடித்துப் போனாள். டைரி போனால் தன் உயிரும் போனதுபோல் அவளுக்குத் தோன்றியது. நல்ல வேளை, போலீசார் அலமாரிக்குப் பின்னால் வரவில்லை. டைரியும் தப்பியது.

1944 ஆகஸ்ட் 1-ஆம் நாள் ஆன் கிட்டிக்கு எழுதினாள். அதுதான் கடைசிக் கடிதம்.

ஆகஸ்ட் 4-ஆம் நாள் காலை. ஓர் அதிகாரியும் காவலரும் உள்ளே வந்தார்கள். எட்டுப் பேரையும் கைது செய்தார்கள். கிளைமனையும் குக்ளரையும் பிடித்துப் போனார்கள். அதிகாரி நகையையும் பணத்தையும் எடுத்துப் போக ஒரு பை தேடினான். அப்பாவின் தோல் பை கண்ணில் பட்டது. அதில் இருந்த தாள்களைத் தரையில் கொட்டினான். பையை மட்டும் எடுத்துக்கொண்டான். அவனுக்கு அது வெறும் குப்பை.

அவர்கள் போன பிறகு மீப்பும் பெப்பும் மாடிக்கு ஏறிப் போனார்கள். தரை எல்லாம் காகிதம். சிவப்புக் கட்டம் போட்ட நோட்டும் கிடந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். மீப் அவற்றைத் தன் மேசை இழுப்பறையில் வைத்தார். ஆன் திரும்பி வருவாள், அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்.

மீப் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஏறக்குறைய ஓர் ஆண்டு அது அவர் மேசைக்குள்தான் இருந்தது. பிள்ளையின் எழுத்து பிள்ளைக்குச் சொந்தம் என்று அவர் நினைத்தார். பின்னாளில் அவரே ஒன்று சொன்னார். படித்திருந்தால் பயந்துபோய் எரித்திருப்பாராம். ஏனென்றால் உதவியவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருந்தது.

பாருங்கள்! அப்பா திறக்கவில்லை. அதனால் ஆன் பயம் இல்லாமல் எழுதினாள். மீப் திறக்கவில்லை. அதனால் எழுத்து பிழைத்தது.

வராத மகள்

ஆன் திரும்பி வரவில்லை.

போலந்து நாட்டில் இருந்த ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்கு அவர்களைக் கொண்டு போனார்கள். பிறகு அக்காவையும் தங்கையையும் ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன் என்ற முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே குளிர். பசி. பேன். டைபஸ் என்ற காய்ச்சல் பரவியது. 1945-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முதலில் மார்கோட் இறந்தாள். பின்னாலேயே ஆனும் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 15. அந்த ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அந்த முகாம் விடுதலை ஆயிற்று.

அம்மா எடித் ஆஷ்விட்ஸில் இறந்தார். அந்தப் போர்க் காலத்தில் ஏறக்குறைய 60 லட்சம் யூதர்களை ஹிட்லரின் ஆட்சி கொன்றது.

எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அப்பா ஓட்டோ ஒருவர்தான். 1945 ஜூலையில் மகள்கள் இறந்த செய்தி உறுதி ஆயிற்று. அன்று மீப் இழுப்பறையைத் திறந்தார். நோட்டையும் தாள்களையும் எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

ஓட்டோவால் உடனே படிக்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார். அவருக்கு ஒரே வியப்பு. கண் முன்னே வளர்ந்த மகள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்ட மகள். அவள் மனதில் இவ்வளவு ஆழம் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. பெரும்பாலான பெற்றோர்களுக்குத் தங்கள் பிள்ளைகளைத் தெரிவதில்லை என்று பின்னாளில் அவர் சொன்னார்.

மகள் ஆசைப்பட்டபடியே 1947-இல் அவர் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இன்று அது 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. தமிழிலும் வந்திருக்கிறது. அந்தப் பின்கட்டு 1960 முதல் காட்சிக்கூடமாக இருக்கிறது. கட்டம் போட்ட நோட்டும் அங்கே இருக்கிறது. ஆன் பார்த்த மரம் 2010-இல் புயலில் சாய்ந்துவிட்டது. அவள் எழுத்து சாயவில்லை.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

தோழர்களே! தாய்மார்களே! எழுதப் படிக்கக் கற்றாயிற்று. பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்கலாம். கையெழுத்துப் போடலாம். மனு எழுதலாம். எல்லாம் நல்லது. இத்தோடு இன்னொன்றும் செய்யலாம். தனக்கு என்று எழுதலாம்.

ஒரு 40 பக்க நோட்டுப் போதும். மேலே தேதி போடுங்கள். நாலு வரி எழுதுங்கள். இன்று என்ன வேலை, என்ன கூலி, யாருக்குக் காய்ச்சல் என்று எழுதுங்கள். மனதில் என்ன பாரம் என்றும் எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. சில நாள் எழுத முடியாது. பரவாயில்லை. நோட்டு கோபித்துக்கொள்ளாது.

வீட்டில் வயதுப் பெண் இருக்கிறாளா? அவளுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். எழுத அரை மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் எடு, பாத்திரம் துலக்கு என்று அழைக்காதீர்கள்.

அவள் எழுதியதைத் திறந்து பார்க்காதீர்கள். ஆசை வரும். பயமும் வரும். என்ன எழுதினாளோ, யாரைப் பற்றி எழுதினாளோ என்று தோன்றும். அம்மாவைப் பற்றிக் கோபமாகக்கூட எழுதியிருப்பாள். எழுதட்டும். ஆனும் அப்படித்தான் எழுதினாள். பிறகு அவளே திருந்தி நினைத்தாள். இடையில் யாராவது படித்துவிட்டு அடித்திருந்தால் அவள் எழுதுவதையே நிறுத்தியிருப்பாள்.

பெண்ணின் முகம் வாடியிருந்தால் என்ன செய்வது? நோட்டைத் திறக்க வேண்டாம். அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்னம்மா என்று கேளுங்கள். இன்று சொல்லாவிட்டால் நாளை சொல்வாள். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பது மகளுக்கும் பொருந்தும்.

படிக்கத் தெரியாதவரை எந்தக் காகிதமும் ஒன்றுதான். படிக்கத் தெரிந்த பிறகு ஒரு பொறுப்பு வருகிறது. எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். பேருந்துப் பலகை எல்லோருக்கும் உரியது. செய்தித்தாள் எல்லோருக்கும் உரியது. மகளின் டைரி மகளுக்கு மட்டும் உரியது.

ஓட்டோவும் மீப்பும் இதைத்தான் செய்தார்கள். கை எட்டும் தூரத்தில் இருந்தும் திறக்கவில்லை. இதைச் செய்ய நமக்கும் முடியும்.



பேசிப் பார்ப்போம்

1. ஆன் தன் நோட்டுக்கு ஏன் ஒரு பெயர் வைத்தாள்?

2. அம்மாவைப் பற்றி எழுதியதை ஓர் ஆண்டு கழித்துப் படித்தபோது அவளுக்கு என்ன தோன்றியது?

3. மீப் டைரியைப் படிக்காமல் வைத்தது சரியா? உங்கள் கருத்து என்ன?

4. உங்கள் வீட்டில் பெண்கள் உட்கார்ந்து எழுத இடம் எங்கே இருக்கிறது?

5. இன்று தேதி போட்டு நாலு வரி எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.